மேஜையை விட்டு இறங்காத பாட்டில்

ஞாயிற்றுக்கிழமை காலை ஹேமாவதி பீரோவைத் திறந்து பட்டுப்புடவையை எடுத்துக் கட்டிலில் வைத்ததைப் பார்த்ததும் மாளவிகா பதறிக்கொண்டு பக்கத்தில் வந்தாள்.

"அம்மா, நிஜமாவே வரியா?"

"வரேன்னு சொன்னேன்ல."

"அங்க வந்து சண்டை போடப் போறியா?"

"சண்டை போட எதுக்குடி பட்டுப்புடவை?"

அந்தப் பதில் மாளவிகாவின் பயத்தை இன்னும் கூட்டியது. அப்பா குளித்துவிட்டு வரும் சத்தம் கேட்டதும் பேச்சை நிறுத்திக்கொண்டாள். இந்த வீட்டில் அப்பா வந்தால் பேச்சு நிற்பது ஒரு வருடமாகப் பழகிப்போயிருந்தது.

மகன் ஹர்ஷா போன வருஷம் சித்திரையில் இறந்துபோனான். முப்பத்தோரு வயது. ஈரல் முழுவதும் கெட்டுவிட்டது என்று டாக்டர் சொன்னபோது அவன் அப்பா சுப்ரமணியன், "சார், என் பையன் குடிக்கவே மாட்டான்," என்றார். பொய் சொல்லவில்லை, நம்பித்தான் சொன்னார். டாக்டர் அவரைப் பார்த்துவிட்டு ஹேமாவதியைப் பார்த்தார். ஹேமாவதி தலையைக் குனிந்துகொண்டாள்.

காரியமெல்லாம் முடிந்து சில வாரங்களுக்குள் சுப்ரமணியன் ஒரு சங்கம் ஆரம்பித்தார். ராஜகீழ்ப்பாக்கம் உணவு, ஒயின் ரசனைச் சங்கம். இன்ஷூரன்ஸ் ஆபீஸில் ஓய்வு பெற்ற மனிதர், வாழ்நாளில் ஒயின் பாட்டிலின் மூடியைத் திறக்கத் தெரியாதவர், எங்கிருந்தோ எட்மண்ட் என்று ஒருவரைப் பிடித்து வந்தார். மாதம் ஒரு ஞாயிறு கூடினார்கள். சாப்பிட்டார்கள். கோப்பையைச் சுழற்றி மோந்து பார்த்தார்கள்.

எந்தச் சனியன் மகனைக் கொண்டுபோனதோ அதையே இந்த மனுஷர் கண்ணாடிக் கோப்பையில் ஊற்றி ரசிக்கிறார். ஹேமாவதிக்கு அப்படித்தான் தோன்றியது. அன்றோடு அவரிடம் பேசுவதை நிறுத்தினாள். தட்டை வைப்பாள், உள்ளே போய்விடுவாள். ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் மகள் மூலமாகத்தான்.

போன வாரம் சாப்பிடும்போது மாளவிகாதான் வாட்ஸ்அப்பில் வந்ததைப் படித்தாள். சங்கத்துக்கு ஒரு வயது. எட்மண்ட் வீட்டு மாடியில் மதிய விருந்து. சங்கம் எப்படித் தொடங்கியது, எதற்காக என்று சுப்ரமணியன் பேசுவார்.

"நானும் வரேன்னு உங்க அப்பாகிட்ட சொல்லு," என்றாள் ஹேமாவதி.

சுப்ரமணியன் கையில் இருந்த உருண்டை அப்படியே நின்றது. சந்தோஷமா, பயமா என்று அவருக்கே தெரியவில்லை.

ஹேமாவதி எதற்காக வருகிறாள் என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும். முப்பது வருடம் கணக்கு டீச்சராக இருந்தவள். எதையும் தயார் செய்யாமல் வகுப்புக்குப் போனதில்லை. அவர் பேசி முடித்ததும் எழுந்து நின்று ஒரே ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். 'இந்தச் சங்கம் எங்க பையனோட சாம்பல் மேல நடக்குது, தெரிஞ்சுக்கிட்டுக் குடிங்க.' அவ்வளவுதான். பிறகு யார் குடிப்பார்கள் என்று பார்க்கலாம்.

*

சேலையூரில் எட்மண்ட் வீட்டு மாடி ஹாலில் நீள மேஜை போட்டு வெள்ளைத் துணி விரித்திருந்தது. எட்மண்ட் எழுபதை நெருங்கியவர். நட்சத்திர ஹோட்டலில் காலமெல்லாம் ஒயின் பரிமாறியவர். வெள்ளைச் சட்டை மேல் கறுப்பு வெய்ஸ்ட்கோட் போட்டுக்கொண்டு படிக்கட்டிலேயே காத்திருந்தார்.

"வாங்க மேடம். உங்களுக்குன்னு ஒரு நாற்காலி ஒரு வருஷமா காலியா வெச்சிருக்கோம். உங்க வீட்டுக்காரர் மணி சார்தான் வைக்கச் சொன்னாரு."

ஹேமாவதி அவரைத் தாண்டி மேலே ஏறினாள்.

உள்ளே பல் டாக்டரும் அவர் மனைவியும், விமானப்படையில் ஓய்வு பெற்ற ஒருவர், காலனிக்காரர்கள் சிலர். எல்லோரையும் தாண்டிக்கொண்டு தாவீது ஓடி வந்தான்.

"அம்மா! வந்துட்டீங்களா!"

அவனைப் பார்த்ததும் அவளை அறியாமல் முகம் மலர்ந்தது. தாவீது ஹர்ஷாவோடு காலேஜில் படித்தவன். மாடம்பாக்கத்தில் மனைவி ஸ்நேகாவோடு இருப்பவன். ஹர்ஷாவைத் தூக்கிப் போனவர்களில் ஒருவன். அதற்குப் பிறகு பல ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்கு வந்து, கேட்காமலேயே மோட்டாரைப் பார்த்துக் கொடுத்து, பல்பு மாற்றிவிட்டு, "அம்மா, காபி?" என்று உரிமையோடு கேட்பான். மகன் இருந்த இடத்தில் அவன் உட்கார்ந்து காபி குடிக்கும்போது சில சமயம் அவளுக்கு மூச்சு கொஞ்சம் லேசாகும்.

"ஸ்நேகா வரலையாடா?"

"பம்மல்ல அவங்க அம்மா வீட்டுக்குப் போயிருக்காம்மா. அவதான் என்னை அனுப்பியே வெச்சா. அப்பா சங்கம்னா எங்க வீட்ல நோ அப்ஜெக்‌ஷன்."

விருந்து ஆரம்பித்தது. வஞ்சிரம் வறுவல் வந்தது. அதற்கு ஒரு வெள்ளை ஒயின். எட்மண்ட் ஒவ்வொருவருக்கும் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார். "மொதல்ல மீன் ஒரு வாய். அப்புறம் இது ஒரு வாய். அவசரம் வேணாம். நாக்குல கொஞ்சம் நிக்கட்டும்."

ஹேமாவதி தன் கோப்பையைக் கவிழ்த்து வைத்தாள். எட்மண்ட் அதைப் பார்த்துவிட்டு மோர் கொண்டுவந்து வைத்தார்.

அவள் எதிர்பார்த்த அசிங்கம் எதுவும் அங்கே இல்லை. யாரும் தள்ளாடவில்லை, குரல் உயர்த்தவில்லை. மீனில் மிளகு கூடுதலா, புளிப்பு தூக்கலா என்று சண்டை போட்டுக்கொண்டார்கள். சுப்ரமணியன் மேஜையைச் சுற்றி வந்து, "மீன் எப்படி இருக்கு? இன்னொரு துண்டு வைக்கட்டுமா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். பல் டாக்டர் ஏதோ சொல்ல, வாய்விட்டுச் சிரித்தார்.

அந்தச் சிரிப்புதான் ஹேமாவதியை அறுத்தது. போய் உட்கார இவருக்கு ஒரு இடம் கிடைத்திருக்கிறது. நான் ஒரு வருடமாகச் சமையலறையில் நிற்கிறேன்.

எட்மண்ட் கரண்டியால் கோப்பையைத் தட்டினார். சுப்ரமணியன் எழுந்தார். கையில் தண்ணீர் டம்ளர்.

"இந்தச் சங்கம் எதுக்குன்னு வாக்கிங் போறப்ப கேட்டிருக்காங்க, பேங்க்ல கேட்டிருக்காங்க. என் வீட்ல மட்டும் யாரும் கேக்கல. இன்னிக்கு அவங்க வந்திருக்காங்க. அதனால சொல்லிடறேன்."

பல் டாக்டர் கரண்டியைக் கீழே வைத்தார்.

"எங்க அப்பா குடிப்பார், எங்க தாத்தாவுக்குத் தெரியாம. நானும் ஆபீஸ் பார்ட்டியில ரெண்டு பெக் போடுவேன். பீடா போட்டுட்டு, ரெண்டு பஸ் விட்டுட்டு, வாசனை போனப்புறம்தான் வீட்டுக்கு வருவேன். எங்க வீட்ல யாரும் யார் முன்னாலயும் குடிச்சதே கிடையாது. அதுக்கு நாங்க வெச்ச பேரு மரியாதை. என் பையனும் எனக்கு அந்த மரியாதையைக் குடுத்தான். கடைசி வரைக்கும் குடுத்தான்."

மாளவிகா அம்மாவின் கையைப் பிடித்தாள்.

"அவன் போனப்புறம் ஒரு நாள் தாம்பரம் ஸ்டேஷன் வெளியில உக்காந்திருந்தேன். எதிர்ல ஒயின் ஷாப். வாங்கினவங்கள்ல பாதிப் பேர் அங்கயே சுவத்தைப் பார்த்து நின்னு, கண்ணை மூடிக்கிட்டு, கசாயம் குடிக்கிற மாதிரி ஊத்திக்கிட்டுப் போனாங்க. ஒருத்தன்கூட அதை ருசி பார்க்கல. என் பையனும் இப்படித்தான் எங்கயோ சுவத்தைப் பார்த்து நின்னிருப்பான்னு நெனைச்சேன். அழுதேன். பக்கத்துல ரயிலுக்கு உக்காந்திருந்தவர்தான் எட்மண்ட் சார். ஹோட்டல் சர்வீஸ்ல, முன்னால சாப்பாட்டுத் தட்டு இல்லாத மனுஷனுக்கு நான் ஒரு சொட்டு ஊத்தினதில்லைன்னு சொன்னார். அன்னிக்கு ஆரம்பிச்சது இது."

அவர் நிறுத்தித் தண்ணீர் குடித்தார்.

"சாப்பாட்டோட, நாலு பேர் முன்னால, ருசிச்சு, போதும்னு வைக்கத் தெரியணும். மறைக்க வேண்டாம்னா அளவு தன்னால வந்துரும்னு நம்பறேன். நம்ம சங்கத்துக்கு ஒரே சட்டம். பாட்டில் மேஜையை விட்டு இறங்கக் கூடாது. எல்லார் கண்ணு முன்னாலயும் இருக்கணும். இப்படி ஒரு மேஜையை அவனுக்கு நான் போட்டுக் குடுத்திருந்தா, இன்னிக்கு அவன் இங்க..."

மேலே பேச முடியவில்லை. பல் டாக்டரின் மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஹேமாவதி தயார் செய்து வந்த வாக்கியத்தைத் தேடினாள். அது எங்கோ போய்விட்டது. இத்தனை நாள் ஒரே வீட்டில் இருந்தும் இது ஏன் எனக்குத் தெரியாது? நான் ஏன் கேட்கவில்லை?

அப்போதுதான் அந்தச் சத்தம் அவள் காதில் விழுந்தது.

உள்ளே எங்கோ குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. பக்கெட்டில் விழுகிற தண்ணீர் என்றால் நிரம்ப நிரம்பச் சத்தம் மாறும். இது மாறவில்லை. எதையும் நிரப்பாமல், ஒரே மாதிரி, சும்மா ஓடுகிற தண்ணீர்.

தன் வீட்டில் வருடக்கணக்காக அவள் கேட்ட சத்தம் அது.

மேஜையைச் சுற்றிப் பார்த்தாள். தாவீதின் நாற்காலி காலியாக இருந்தது.

*

பாத்ரூம் கதவை இரண்டு முறை தட்டினாள்.

"தாவீது."

"ஒரு நிமிஷம்மா. முகம் கழுவிட்டிருக்கேன். அப்பா பேசினதைக் கேட்டதும் அழுகை வந்துருச்சு."

ஒவ்வொரு வார்த்தையும் தனித்தனியாக, சுத்தமாக வந்தது. ஹர்ஷாவும் அப்படித்தான். எப்போதும் பாதி வார்த்தையை முழுங்குகிற பிள்ளை, அந்தக் கதவுக்குப் பின்னாலிருந்து மட்டும் செய்தி வாசிக்கிறவன் மாதிரி பேசுவான்.

"கதவைத் திற."

"ஒண்ணுமில்லம்மா, வரேன்."

ஹர்ஷாவின் கதவுக்கு வெளியேயும் அவள் நின்றிருக்கிறாள். நின்றுவிட்டு, உள்ளே நடப்பது பக்கத்து வீட்டுக்குக் கேட்டுவிடப் போகிறதே என்று டிவி சத்தத்தைக் கூட்டி வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போயிருக்கிறாள். இன்று போகவில்லை.

"நீ திறக்கிற வரைக்கும் நான் இங்கதான்டா நிப்பேன்."

வெகுநேரம் தண்ணீர் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு தாழ்ப்பாள் விலகியது.

முகமெல்லாம் ஈரம். ஜன்னல் திட்டில் ஷாம்பு பாட்டில்களுக்கு நடுவே ஒரு குவார்ட்டர் பாட்டில் நின்றது. ஒயின் இல்லை, பிராந்தி. அடியில் கொஞ்சம்தான் மிச்சம்.

ஹேமாவதி உள்ளே போய்க் குழாயை மூடினாள்.

"எப்பலேர்ந்துடா?"

"ஹர்ஷாகூடயே ஆரம்பிச்சதும்மா."

"அவனைப் பார்த்தப்புறமுமா? உன் தோள்ல தூக்கிட்டுப் போனியேடா!"

"அதுக்கப்புறம்தாம்மா ஜாஸ்தி."

"ஸ்நேகாவுக்குத் தெரியுமா?"

அவன் சிரித்தான். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தான். "வாசனை வந்தா, சங்கத்துல ரெண்டு கிளாஸ் ஒயின்னு சொல்லிடுவேன். ஹர்ஷா அப்பா நடத்தற சங்கம், அங்க தப்பு நடக்காதுன்னு அவ நம்பறா. மாசத்துக்கு ஒரு மீட்டிங்தான் உங்களுக்கு. நான் வாராவாரம் மீட்டிங்னு சொல்லி வெச்சிருக்கேன்."

பின்னால் யாரோ மூச்சு விடும் சத்தம் கேட்டு ஹேமாவதி திரும்பினாள். சுப்ரமணியன் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை. முகத்தைப் பார்த்தால் எல்லாம் கேட்டுவிட்டது தெரிந்தது.

"அப்பா," என்றான் தாவீது, அவசரமாக. "இது நான் கொண்டு வந்தது. மேஜைல இருந்து எடுக்கலப்பா. உங்க சட்டத்தை நான் மீறல."

சுப்ரமணியன் அந்தப் பாட்டிலைப் பார்த்தார். சுவரில் கையை ஊன்றிக்கொண்டார்.

*

விருந்துக்கு வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். மட்டன் சுக்கா தொடப்படாமலே ஆறிப்போனது. எட்மண்ட் மேஜை மேல் இருந்த பாட்டில்களை மூடி அலமாரியில் வைத்துப் பூட்டினார். வெய்ஸ்ட்கோட்டைக் கழற்றினார்.

"பல்லாவரம் பக்கத்துல குடியை விட வைக்கிற ஒரு சென்டர் இருக்கு மணி சார். டாக்டர் எனக்குத் தெரிஞ்சவர். போன் பண்ணிட்டேன். இப்பவே கூட்டிட்டுப் போயிடலாம்."

மாளவிகா கார் சாவியை எடுத்தாள், எட்மண்ட் முன் சீட்டில் ஏறினார். தாவீது எதிர்ப்பே சொல்லாமல் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தான். அவ்வளவு சுலபமாக ஏறியது ஹேமாவதிக்குப் பிடிக்கவில்லை.

"நானும் வரேன்," என்று கதவில் கை வைத்தாள்.

"நீங்க வேணாம்மா. ப்ளீஸ். உங்க முன்னால வேணாம்."

இதுவும் மரியாதைதான். அவள் கையை எடுத்துக்கொண்டாள். கார் போனது.

புருஷனும் பெண்டாட்டியும் ஷேர் ஆட்டோவில் வீட்டுக்கு வந்தார்கள். நடுவில் ஒரு அம்மாள் காய்கறிப் பையோடு உட்கார்ந்திருந்தாள். அது நல்லதாகப் போயிற்று.

வீட்டுக்கு வந்ததும் ஹேமாவதி காபி போட்டாள். இரண்டு டம்ளர். ஒன்றை அவர் முன்னால் வைத்தாள். உள்ளே போகாமல் எதிரில் உட்கார்ந்தாள்.

சுப்ரமணியன் காபியைத் தொடவில்லை.

"ஹேமா. ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளுங்க."

ஒரு வருடத்துக்குப் பிறகு அவரிடம் அவள் நேராகச் சொன்ன முதல் சொல். இருவருமே அதைக் கவனிக்கும் நிலையில் இல்லை.

"தாவீது என்கூட உக்காந்து சாப்பிட்டான். என் முன்னாலதான் குடிச்சான். நான் எதையும் மறைக்கச் சொல்லல."

"ஆமா."

"அப்படியும் பாத்ரூமுக்குப் போயிட்டான்."

"ஆமாங்க."

"அப்போ, ஹர்ஷாவுக்கு நான் அந்த மேஜையைப் போட்டிருந்தாலும்..."

மதியம் போலவே இப்போதும் முடிக்க முடியவில்லை. முடித்துவை என்பது போல அவளைப் பார்த்தார்.

ஹேமாவதிக்குப் புரிந்தது. 'நான் மட்டும் அப்படிச் செய்திருந்தால் பிள்ளை பிழைத்திருப்பான்.' அந்த ஒரு நினைப்பை வைத்துக்கொண்டுதான் இந்த மனிதர் ஒரு வருடமாக எழுந்து, குளித்து, சட்டை போட்டிருக்கிறார். அது அவரைக் கொன்றுகொண்டும் இருந்தது, நிற்கவும் வைத்தது. உண்மையைச் சொன்னால் பாரமும் போகும், பிடியும் போகும். இன்று காலை பட்டுப்புடவை கட்டிக்கொண்டு அவரை உடைக்கத்தான் அவள் கிளம்பினாள். இப்போது உடைக்கிற சொல் கையில் இருக்கிறது. சொல்ல மனம் வரவில்லை. சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை.

"போயிருப்பான்," என்றாள். "நீங்க என்ன செஞ்சிருந்தாலும் அவன் போயிருப்பான்ங்க. உங்களால இல்ல."

சுப்ரமணியன் தலையை ஆட்டினார். ஆட்டிக்கொண்டே இருந்தார். பிறகு மேஜையில் முகத்தைப் புதைத்து ஓவென்று அழுதார். சுடுகாட்டில்கூட அழாதவர். ஹேமாவதி டம்ளரை நகர்த்தி வைத்துவிட்டு அவர் முதுகில் கை வைத்தாள்.

"நானும் அந்தக் கதவுக்கு வெளியில நின்னிருக்கேங்க," என்றாள். "எனக்குத் தெரியும். உங்ககிட்ட சொல்லல."

அவர் நிமிர்ந்து பார்ப்பதற்குள் போன் அடித்தது. மாளவிகா.

"அம்மா..." மூச்சு வாங்கியது. "தாம்பரம் சானடோரியம் சிக்னல்ல வண்டி நின்னுச்சும்மா. தாவீது டோரைத் திறந்து இறங்கி ஓடிட்டான். எட்மண்ட் அங்கிள் பின்னாடியே போனாரு, அவரால முடியல. ஸ்டேஷனுக்குப் போற சுரங்கப்பாதையில எறங்கினதை நான் பார்த்தேன். போன் எடுக்க மாட்டேங்கறான்மா."

ஸ்டேஷன் என்ற சொல்லைக் கேட்டதும் ஹேமாவதிக்குத் தண்டவாளம்தான் கண்ணில் வந்தது.

"நீ அங்கயே இரு. நாங்க வரோம்."

சுப்ரமணியன் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றார். "நானும் வரட்டுமா?" என்று கேட்டார், அனுமதி கேட்பவர் போல.

"செருப்பைப் போடுங்க."

தெருமுனையில் ஆட்டோ கிடைத்தது. "சானடோரியமா? ரோடு ஃபுல்லா ஜாம் ஆயிக்கீது சார். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் பேஜாரு. பரவால்லியா?" என்றார் டிரைவர்.

"சீக்கிரம் போங்கண்ணா," என்றாள் ஹேமாவதி.

பாதி வழிக்கு மேல் வண்டி நகரவில்லை. இறங்கி நடந்தார்கள். பட்டுப்புடவை காலைத் தடுக்கியது. அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார், அவள் விடவில்லை.

சுரங்கப்பாதை வாசலில் கூட்டம் நெரிந்தது. ரயில் வந்து நின்றிருக்க வேண்டும். பையும் குழந்தையுமாக ஆட்கள் மேலே ஏறிக்கொண்டிருந்தார்கள். அவர்களை இடித்துக்கொண்டு இவர்கள் கீழே இறங்கினார்கள். பாதிப் படியில் சுப்ரமணியன் நின்று, எக்கிப் பார்த்து, தொண்டை கிழியக் கத்தினார்.

"ஹர்ஷா!"

அந்தக் குரல் சுவரில் மோதித் திரும்பி வந்தது. ஜனங்கள் ஒரு நொடி திரும்பிப் பார்த்துவிட்டு நடந்தார்கள். என்ன பெயரைச் சொல்லிக் கூப்பிட்டோம் என்பதே அவருக்குத் தெரியவில்லை. ஹேமாவதிக்குத் தெரிந்தது. அவள் திருத்தவில்லை.

"ஹர்ஷா! நில்லுடா!"

கூட்டத்தின் மறுமுனையில், வெளிச்சம் குறைந்த இடத்தில், தாவீது மாதிரித் தெரிந்த ஒருவன் நின்றான். ஆனால் திரும்பவில்லை.